செவிலி யாருடைய ஆள்?

நர்ஸ் என்பதற்குத் தமிழில் நாம் எடுத்துக்கொண்ட சொல் செவிலியர். அரசாணையிலும் பணி நியமன உத்தரவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர்ப் பலகையிலும் அதுதான் இருக்கிறது. ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'நர்ஸம்மா' என்பார்கள், பழகிவிட்டால் 'நர்ஸக்கா'. ஆனாலும் இந்தச் சொல்லை எடுத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பழைய சிக்கலையும் அதோடு சேர்த்தே எடுத்து வந்துவிட்டார்கள் என்று சங்க இலக்கிய வகுப்பு எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய்; வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். தலைவியின் உடம்பு மெலிவதையும் நிறம் மாறுவதையும் கவனிக்கிற கண் செவிலியுடையது. ஆனால் அவள் வீட்டின் ஆள். தலைவியின் போக்கில் சந்தேகம் வந்தால் அவளை வீட்டுக்குள் அடைப்பதும் இரவில் காவல் இருப்பதும் அவள் வேலைகள். பெண்ணின் உடம்பை நன்றாக அறிந்தவளே அந்தப் பெண்மேல் வீடு வைத்திருக்கும் காவலும் ஆகிறாள். அதனால் தலைவி தன் மனதை முதலில் செவிலியிடம் சொல்வதில்லை, தோழியிடம் சொல்கிறாள். உரிய நேரத்தில் தோழி செவிலிக்குச் சொல்ல, செவிலி நற்றாய்க்குச் சொல்ல, அங்கிருந்து தந்தைக்கும் அண்ணன்மாருக்கும் செய்தி போகிறது. இலக்கணம் இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்திருக்கிறது.

இன்றைய கிராமத்தில் நம் வீட்டுப் படியேறி வருகிற செவிலியர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்? அவர் தனி ஆளுக்கும் உதவுகிறார், குடும்பத்துக்கும் உதவுகிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பெண்ணுக்கு ஒன்று வேண்டும், குடும்பத்துக்கு வேறொன்று வேண்டும் என்று ஆகும்போது அவர் யாருடைய ஆள்? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர்கள் செய்யும் வேலையைப் பார்ப்போம். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு, மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கித் தருவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரை தருவது, பிரசவத்துக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய உதவுவது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது, கருத்தடை பற்றிப் பேசுவது, முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கான விவரங்களைக் கணினியில் ஏற்றுவது என்று அவர் வேலை நீளும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இன்னொரு பெண்ணும் சேர்ந்துகொண்டார். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர் அவர். கருவியும் பையுமாக வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். என் வகுப்பில் இப்படிப்பட்ட தன்னார்வலர்களின் மகள்கள் படிக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் உள்ள பல கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தவை.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை. வீட்டுக்குள் நுழைய வேண்டும். கதவைத் திறப்பது மாமியாராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், கைபேசியைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கணவனாக இருக்கலாம். செவிலியர் பார்க்க வந்தது மருமகளை. ஆனால் குடும்பத்தின் அனுமதியோடுதான் அவளிடம் போக முடியும். குடும்பத்தைப் பகைத்துக்கொண்டால் அடுத்த மாதம் 'அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா' என்ற பதில் வாசலிலேயே கிடைக்கும்.

வாசலுக்குச் சாதியும் உண்டு. ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமென்றால் கையைத் தொட்டுப் பட்டையைச் சுற்ற வேண்டும். காலனியிலிருந்து வரும் தன்னார்வலர் ஊர்த்தெருவில் யாருடைய கையைத் தொடலாம், எந்த வீட்டில் திண்ணையோடு நிற்க வேண்டும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தராத பாடங்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970இல் மருத்துவத் தம்பதியரான ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் தொடங்கிய பணி இந்த இடத்தில்தான் துணிவு காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை, தலித் பெண்களை ஊரின் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஊர் எந்தக் கையைத் தொடக் கூடாது என்றதோ அந்தக் கை பிரசவம் பார்த்தது. மருத்துவ அறிவு வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் வாசல் மாற வேண்டும்.

சரி, வாசலைத் தாண்டி உள்ளே போயாயிற்று. அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவியரோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் அவ்வூர்ச் செவிலியரோடு நாங்கள் சிலர் வீடுகளுக்குப் போனோம். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருப்பவர். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தசோகை. செவிலியர் அவள் மாமியாரிடம், "பிள்ளை எடை சரியா ஏறலைம்மா. தினம் ஒரு முட்டை குடுங்க, கீரை குடுங்க. பேரப்பிள்ளை நல்லா மொழுமொழுன்னு வரும்" என்றார். மாமியார் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, அந்தப் பொண்ணுக்கு ரத்தம் இல்லைன்னு நேரா சொல்லலாமே?"

செவிலியர் சொன்னார்: "சொன்னா, நோவாளிப் பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு அவ அப்பா வீட்டை இழுப்பாங்க. முட்டை வராது கண்ணு, சண்டைதான் வரும்."

அன்று இரவு முகாமில் இதைப் பற்றித்தான் பேச்சு. கேள்வி கேட்ட மாணவி விடவில்லை. பேரப்பிள்ளைக்காக முட்டை என்றால் பிள்ளை பிறந்ததும் முட்டை நின்றுவிடாதா? அந்தப் பெண் பிள்ளையைச் சுமக்கும் பாத்திரம் என்று குடும்பம் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் செவிலியரும் உறுதி செய்துவிட்டுப் போகலாமா? இன்னொருத்தி, அவள் அம்மா தன்னார்வலர், எதிர்ப்பக்கம் நின்றாள். "உனக்குக் கொள்கை வேணும், அவளுக்கு முட்டை வேணும். இன்னைக்கு வேணும்."

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இதைத் தீர்க்க எனக்கு உதவியது வகுப்பறையில் நான் சொல்லிக்கொடுக்கும் அதே அறத்தொடு நிற்றல்தான். தோழி உண்மையை அப்படியே போய்ச் சொல்வதில்லை. ஆற்று வெள்ளம் தலைவியை இழுத்துப் போனபோது அவன் குதித்துக் காப்பாற்றினான், யானை துரத்தியபோது அவன் தடுத்து நின்றான், கேட்ட பூவைப் பறித்துத் தந்தான் என்றெல்லாம் சொல்வாள். புனல் தரு புணர்ச்சி, களிறு தரு புணர்ச்சி, பூத்தரு புணர்ச்சி என்று இவற்றுக்கு உரையாசிரியர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தின் மானம் எந்த மொழியில் கேட்டால் காது கொடுக்குமோ அந்த மொழியில் பேசுகிறாள். ஆனால் அந்தப் பேச்சு சேர வேண்டிய இடம் தலைவி விரும்பியவனோடு மணம். உரிய காலம் வரும்வரை தோழி வாய் திறப்பதில்லை என்பதும் தொல்காப்பியம் காட்டும் மரபு.

ஆக, குடும்பத்தின் மொழியில் பேசுவது தவறில்லை. அந்தப் பேச்சு யாருடைய விருப்பத்துக்காக நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாமியாரிடம் பேரப்பிள்ளை பற்றிப் பேசிய அதே செவிலியர், எடை பார்க்கிற சாக்கில் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து, "உனக்கு ரத்தம் குறைவா இருக்கு. இது உன் உடம்பு. பிள்ளை பொறந்த பிறகும் மாத்திரையை விடாதே" என்று சொல்லியிருந்தால் முதல் பேச்சு ஒரு வழி, அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் செவிலியர் அன்று பேசியது குடும்பத்தோடு மட்டும். ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம்: எனக்காக நீங்கள் என் வீட்டாரிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தால், 'ஆமாம், அப்படியே சொல்லுங்க அக்கா' என்று சொல்வேனா? சொல்வேன் என்றால் நீங்கள் என் ஆள்.

இந்தச் சோதனையைக் கருத்தடைக்கும் வைத்துப் பாருங்கள். பெண்ணின் அடிவயிற்றைத் திறந்து செய்வதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் குடும்ப நல அறுவை சிகிச்சை. நலம் குடும்பத்துக்கு, தையல் பெண்ணுக்கு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அதே குடும்பங்களில் அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆணுக்கான சிகிச்சை எளிதானது, தழும்பு சிறியது, அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பதெல்லாம் செவிலியருக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு வீட்டில் போய்ச் சொன்னால் மாமியாரே முதலில் எழுந்து நிற்பார்: "உழைக்கிற ஆம்பளை, அவனுக்கு எதுக்கு?"

இந்த இடத்தில் குடும்பத்துக்குப் பின்னால் அரசும் நிற்கிறது. இத்தனை பேரைக் கொண்டு வா என்று செவிலியர்களுக்கு இலக்கு வைத்த காலம் ஒன்று உண்டு. நெருக்கடி நிலையின்போது ஆண்களைப் பிடித்துப் போய்ச் செய்ததில் ஆட்சியே ஆட்டம் கண்டது. அதன் பிறகு பாரம் முழுக்கப் பெண்கள் பக்கம் சாய்ந்தது. 1996இல் இலக்கு முறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. பதிவேட்டை மேலதிகாரி புரட்டும் விதம் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. பிரசவ மேசையிலேயே, கேட்காமல், காப்பர் டி பொருத்திவிட்டார்கள் என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய கோபம் கருத்தடைமீது இல்லை. 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்பதுதான் அவர்கள் சொன்னது.

சட்டம் இந்த இடத்தில் நம் குடும்பங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. 18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண் கருக்கலைப்புச் செய்துகொள்ள அவள் சம்மதம் மட்டும் போதும். கணவனின் கையெழுத்தை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கவில்லை. கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் அரசின் விதிமுறைப்படி கணவன் சம்மதம் தேவையில்லை. 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா' என்று சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் சட்டம் கொடுத்ததை வழக்கம் பறித்துக்கொள்கிறது. இதைப் படிக்கும் மாணவிகள் இந்த ஒரு செய்தியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமே சிக்கலாகும் இடமும் இருக்கிறது. 17 வயதுப் பெண், விரும்பியவனோடு ஓடிப் போய்த் திரும்பியவள், கர்ப்பமாக இருக்கிறாள். போக்சோ சட்டப்படி அதைத் தெரிந்துகொண்டவர் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. சிறுமிகளை வன்முறையிலிருந்து காக்க வந்த, தேவையான சட்டம் அது. ஆனால் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்திலேயே ஒரு சிறுமி செவிலியரிடம் வராமல் போனால், போலி மருத்துவரிடமோ மருந்துக் கடை மாத்திரையிடமோ போனால், காப்பு எங்கே இருக்கிறது? 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சைச் சிறிது தளர்த்தியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோவின் கீழ் தகவல் தரும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்றது. அந்தத் தீர்ப்பு பேசுவது பதிவுபெற்ற மருத்துவர்களைப் பற்றி. சிறுமி முதலில் வந்து நிற்பது கிராமச் செவிலியர் முன்னால். அவருக்கு ஊரில் எல்லாருடைய பெயரும் தெரியும், ஊருக்கு அவர் பெயரும் தெரியும்.

எப்போதும் பெண்ணின் பக்கம் நில் என்று அவரிடம் சொல்வது எனக்கு எளிது. நான் கல்லூரியில் மாதச் சம்பளம் வாங்குகிறேன். அப்படி நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர். ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருக்கு இடப்பட்ட வேலை. 1992இல் அவரைக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கினார்கள். கீழமை நீதிமன்றம் 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில் 1997இல் விசாகா வழிகாட்டுதல்கள் பிறந்தன. இன்று என் கல்லூரியில் உள்ள புகார்க் குழு வரை அதன் பலன். ஒரு குடும்பத்துக்குள் புகுந்து ஒரு குழந்தையின் பக்கம் நின்ற களப்பணியாளரின் உடம்பு கொடுத்த விலையில் அலுவலகத்தில் இருக்கும் நாங்கள் பாதுகாப்புப் பெற்றிருக்கிறோம். அவருக்குக் கிடைக்க வேண்டிய நீதி அவருக்குக் கிடைக்கவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் அரசு ஊழியர். அவருக்குக் கீழே இருப்பவர்களின் நிலை வேறு. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்கள் நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பெண்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் மலைப் பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவதன் பெயர் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலருக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய்; அதுவும் சம்பளம் என்ற பெயரில் வரவில்லை. இவர்களைப் போன்ற திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. 2025இல் கேரள ஆஷாக்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். விருது வீடு தேடி வந்தது, கூலியைத் தேடி அவர்கள் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தப் பெண்களுக்குக் கூலி குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. வீட்டில் பெண் செய்யும் பராமரிப்புக்கு நாம் கூலி கொடுப்பதில்லை. அதே வேலையை நான்கு தெருவுக்கு விரித்தால் சேவை என்கிறோம். சேவை என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்கக் கூச்சம் வந்துவிடும். என் மாணவியின் அம்மா, ஊர்ப் பாட்டிகளுக்கெல்லாம் சர்க்கரை பார்த்துவிட்டு வந்து, தன் மாமியாருக்கும் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கைபேசியில் விவரம் ஏற்றுவாராம். "எங்கம்மாவுக்கு யாரும் பிரஷர் பார்த்ததில்லை மேடம்" என்றாள் அவள்.

இந்த இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம் என்று எனக்குப் படுகிறது. தன் வேலைக்குப் பெயர்கூட இல்லாத ஒருத்தியிடம், இன்னொரு பெண்ணின் சொல்லுக்குக் காவலாக நில் என்று கேட்கிறோம். அவள் சம்பளம் மேலதிகாரியின் கையில். அவள் பாதுகாப்பு ஊர்ப் பெரியவர்களின் தயவில். அவள் துணை சுகாதார நிலையமோ பல இடங்களில் ஊருக்கு வெளியே. இப்படி இருப்பவள் குடும்பத்தோடு ஒத்துப் போனால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனாலேயே பதிலை மாற்றிக்கொள்ளவும் முடியாது. குடும்பமும் பெண்ணும் பிரியும் இடத்தில் செவிலியர் பெண்ணின் ஆள். குடும்பம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மாமியாரும் ஒரு பெண்தான். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. அவர் கால் மரத்துப் போவதை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் முறை வரும்போது செவிலியர் அவருடைய ஆள். குடும்பம் என்று ஒரு உடம்பு இல்லை. ரத்தம் குறைவது, கால் மரப்பது, கரு உண்டாவது எல்லாம் ஒவ்வொருவர் உடம்பில். ஒவ்வொருவரையும் அவரவராகக் கேட்கிற ஒருவர் வெளியிலிருந்து வருவதுதான் இந்த வேலையின் மதிப்பு. குடும்பத்துக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அந்த உடம்புக்கு உரியவர் முடிவு செய்ய வேண்டும்.

ஐங்குறுநூற்றில் செவிலி பேசும் பத்துப் பாட்டுகள் இருக்கின்றன. மணமான தலைவியின் வீட்டுக்குப் போய், கணவனும் குழந்தையுமாக அவள் வாழும் அழகைப் பார்த்து வந்து நற்றாயிடம் மகிழ்ந்து சொல்கிறாள். அழகான பாட்டுகள். அவற்றைப் பாடம் நடத்தும்போது மாணவிகளிடம் நான் கேட்பதுண்டு: செவிலி கண்டதைச் சொல்கிறாள், தலைவி தன் வாயால் என்ன சொன்னாள் என்று எங்கே இருக்கிறது? நம் கிராமத்துச் செவிலியரிடம் நாம் எதிர்பார்ப்பது அந்தப் பத்துக்கு அடுத்த பாட்டை. கண்டதோடு நில்லாமல் கேட்டும் வர வேண்டும்.

அவருக்கு முறையான சம்பளமும் தொழிலாளி என்ற பெயரும் பாதுகாப்பும் கிடைக்க நாம் குரல் கொடுக்க வேண்டும். அது நாளாகும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம் வீட்டுக்குச் செவிலியர் வந்து நம் மருமகளையோ மகளையோ நாத்தனாரையோ பார்க்க உட்காரும்போது, தண்ணீர் கொடுத்துவிட்டு நாம் எழுந்து வெளியே போய்விடலாம். வீடு ஒற்றை அறையாக இருந்தால் திண்ணைக்குப் போகலாம், ஆண்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். திரும்பி வந்ததும், 'நர்ஸக்கா என்ன கேட்டாங்க?' என்று கேட்காமல் இருக்கலாம்.